தழைக்கிற செல்லா, உழைக்கிற செல்லா?

போன மாதம் ஒரு தங்கை அழைத்திருந்தாள். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பிஎச்.டி. பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. தலைப்பை வாசித்துக் காட்டினாள்: கீழாநெல்லிச் சாற்றின் கல்லீரல் பாதுகாப்புத் திறனும் கல்லீரல் செல் வளர்ச்சித் தூண்டலும். "அக்கா, ஹெப் ஜி2ன்னு ஒரு கல்லீரல் செல் வாங்கச் சொல்றார் கைடு. புனேக்கு மெயில் போட்டுடட்டுமா?"

இரண்டு நாள் பொறு என்றேன். அந்த இரண்டு நாளில் அவளுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். இதே கேள்வியோடு நம்மூரில் இன்னும் பல மாணவர்கள் இருப்பார்கள். மூலிகைச் சாறு, பாராசிட்டமால், ஒப்பீட்டுக்கு சிலிமாரின் என்ற தாவர மருந்து, எலி, கடைசியில் ஒரு செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கும் ஒரே வகைச் செல்) என்கிற அச்சில் வார்த்த ஆய்வேடுகள் நம் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

முதலில் தலைப்பையே பிரிக்க வேண்டும். 'பாதுகாப்பு' என்பது நஞ்சு வந்து தாக்கும்போது செல் சாகாமல் இருப்பது. 'வளர்ச்சி' என்பது செல் இரண்டாகப் பிரிவது. இரண்டையும் ஒரே செல்லில் பார்த்துவிடலாம் என்ற நினைப்பில்தான் சிக்கலே தொடங்குகிறது. கல்லீரல் செல்லை ஆய்வகத்தில் வளர்க்க முனைந்த எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் ஒன்று உண்டு. நன்றாகப் பெருகும் செல் கல்லீரலின் வேலையைச் செய்யாது. வேலையைச் செய்யும் செல் தட்டில் பெருகாது. யூரியாவை அள்ளிக் கொட்டிய வயல் மாதிரி. பார்க்கப் பச்சைப்பசேலென்று தழைத்து நிற்கும், அறுக்கப் போனால் பாதி பதர்.

ஹெப் ஜி2 அந்தத் தழைத்த வயல். 1970களில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் நிலைபெற்ற செல் வரிசை. பல ஆண்டுகள் இதைப் பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் செல் புற்றுநோய் என்றே எழுதிவந்தார்கள். 2009இல்தான் மூலக் கட்டியை மறுபடி ஆராய்ந்து, இது குழந்தைகளுக்கு வரும் ஹெபட்டோபிளாஸ்டோமா என்று திருத்தினார்கள். இன்றும் பாதிக் கட்டுரைகளில் பழைய பெயரே ஓடுகிறது.

அதன் நல்ல குணங்களை மறுக்கவில்லை. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கிடைக்கும். சாதாரண ஊடகமும் பத்து சதவீத சீரமும் போதும். சுமார் இரண்டு நாளில் இரட்டிப்பாகும். கல்லீரல் சுரக்கும் ரத்தப் புரதமான ஆல்புமின்கூடச் சுரக்கும். அதனால்தான் "ஆல்புமின் சுரக்கிறது, ஆகவே இது கல்லீரல் செல்" என்று எழுதி ஏமாறுகிறோம்.

பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது எப்படி என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்பது தெரியும். பாராசிட்டமால் தானாக நஞ்சு அல்ல. கல்லீரல் செல்லில் உள்ள சைட்டோகுரோம் நொதிகள், முக்கியமாக சிப் 2இ1, அதில் ஒரு பகுதியை நேப்கி என்ற வினைத்துடிப்புள்ள பொருளாக மாற்றுகின்றன. அளவோடு இருந்தால் செல்லின் காப்புப் பொருளான குளுட்டாதயோன் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்து, நேப்கி மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, செல் சாகிறது. ஹெப் ஜி2வில் இந்த சிப் 2இ1 மிகமிகக் குறைவு. கத்தியே இல்லாத வீட்டில் கத்திக்குத்துக்கு மருந்து தேடுகிற கதை. அளவை ஏகத்துக்கும் ஏற்றினால் ஹெப் ஜி2வும் சாகும்தான். ஆனால் அது மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் கல்லீரல் சாகும் விதம் அல்ல. ஆய்வகங்களில் கல்லீரலைக் கெடுக்கப் பயன்படுத்தும் கார்பன் டெட்ராகுளோரைடுக்கும் இதே கதைதான், அதையும் நஞ்சாக்குவது சிப் 2இ1தான்.

சரி, வளர்ச்சிக்காவது ஹெப் ஜி2 ஆகுமா? அதற்கு இன்னும் ஆகாது. அது புற்றுச் செல். யாரும் தூண்டாமலே பிரிந்துகொண்டிருப்பது. உன் சாற்றைப் போட்டதும் அது இன்னும் வேகமாகப் பெருகினால் "கல்லீரல் வளர்ச்சியைத் தூண்டுகிறது" என்று எழுதுவாயா, "புற்றுக்கு உரம் போடுகிறது" என்று எழுதுவாயா? வைவாவில் இதைக் கேட்க ஒரு ஆள் வராமலா போய்விடுவார்?

ஹூ7 என்ற இன்னொரு கல்லீரல் புற்றுச் செல் வரிசை பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 57 வயது ஜப்பானியர் ஒருவரின் கட்டியிலிருந்து 1982இல் வந்தது. ஹெபடைடிஸ் சி வைரஸைத் தட்டில் பெருக்க முடிந்ததற்கு இதுவே களம். வைரஸ் ஆளுக்கு அது பொக்கிஷம். நமக்கு ஹெப் ஜி2வின் ஒன்றுவிட்ட தம்பி, அவ்வளவுதான்.

ஆனால் 'சாங் லிவர்' பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "புற்றுச் செல் வேண்டாம் என்றால் சாங் லிவர் வாங்கு, அது சாதாரணக் கல்லீரல் செல்" என்று யாராவது அறிவுரை சொல்லத்தான் போகிறார்கள். அது கல்லீரலே அல்ல. பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஹீலா செல்கள் புகுந்து ஆக்கிரமித்துக்கொண்ட வரிசை அது. அதாவது 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல். எல்-02 என்ற பெயரில் வருவதும் அப்படியே. இரண்டுமே தவறாக அடையாளம் காணப்பட்ட செல் வரிசைகளின் பன்னாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. நான் சேர்ந்த முதல் ஆய்வகத்தில் நைட்ரஜன் கலத்தில் சாங் லிவர் குப்பிகள் ஆறு இருந்தன. "நார்மல் லிவர்" என்று நீல மையில் எழுதிய பழைய சீட்டோடு. அதை வைத்து ஒரு வருடம் ஓட்டினேன். அந்தத் தரவு இன்னும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது.

அடுத்தது ஹெப்பாஆர்ஜி. பிரான்சில் ரென் நகரத்தார் 2002இல் வெளியிட்டது, ஹெபடைடிஸ் சி இருந்த ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து. இதுவும் கட்டிதான், ஆனால் படிக்க வைக்கலாம். இரண்டு வாரம் பெருக விட்டு, அடுத்த இரண்டு வாரம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் இரண்டு சதவீதம் கலந்த ஊடகத்தில் வைத்தால், ஒரு பங்கு செல்கள் கல்லீரல் செல்லாகவும் மீதி பித்தக்குழாய் சாயல் கொண்ட செல்லாகவும் பிரிகின்றன. சைட்டோகுரோம் நொதிகள் எழும்புகின்றன. பாராசிட்டமால் உண்மையிலேயே நேப்கி வழியாகக் கொல்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸும் நேரடியாகத் தொற்றுகிறது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாயில் என்டிசிபி என்ற புரதம். ஹெப் ஜி2வில் அது இல்லாததால் தொற்றாது. அந்த வாயிலைக் கண்டுபிடித்ததே 2012இல்தான்.

குறைகள்? விலை, ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு வாரக் காத்திருப்பு, முதிர்ந்தபின் பெருகாது. இன்னொன்றும் உண்டு, அது எல்லாச் செல்லுக்கும் பொருந்துவதால் கவனமாகக் கேள். டிஎம்எஸ்ஓவே சிப் 2இ1ஐத் தடுக்கும். ஆகவே பாராசிட்டமால் கொடுக்கும் முன் அதை ஊடகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கூடவே உன் மூலிகைச் சாற்றை டிஎம்எஸ்ஓவில் கரைத்துப் போட்டால், காப்பாற்றியது கீழாநெல்லியா டிஎம்எஸ்ஓவா? கரைப்பான் மட்டும் போட்டு ஒப்பிடும் கிணறுகள் (தட்டில் உள்ள குழிகள்) இல்லாமல் வெளியான கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

இப்போது உழைக்கிற செல்லுக்கு வருவோம். நேரடியாகக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுக்கும் முதன்மைச் செல். மனிதரின் முதன்மைச் செல்தான் மருந்து நிறுவனங்கள் அளவுகோலாக வைப்பது. மாற்று அறுவைக்கு ஏற்காமல் ஒதுக்கிய கொடைக் கல்லீரல்களிலிருந்தும், அறுவையில் வெட்டிய துண்டுகளிலிருந்தும் பிரித்து உறைய வைத்து விற்கிறார்கள். ஒரு குப்பி உன் மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். தட்டில் ஒட்டும் தொகுதியும் உண்டு, ஒட்டாத தொகுதியும் உண்டு. பார்க்காமல் வாங்கினால் உருக்கியதும் மிதந்துகொண்டே செத்துப்போகும். ஒரு கொடையாளரின் செல் பாராசிட்டமாலுக்குச் சாகும் அளவும் இன்னொருவருடையது சாகும் அளவும் ஒன்றாக இராது. நிறுவனத்துக்கு இந்த வேறுபாடே தகவல். மூன்று குப்பிக்கு மேல் வாங்க வழியில்லாத உனக்கு அது தலைவலி.

வளர்ச்சி என்று வந்தால் இந்தச் செல்கள் நம்மைக் கேலி செய்கின்றன. உடலுக்குள் கல்லீரல் செல்லின் பிரியும் ஆற்றலுக்கு எல்லையே தெரியவில்லை. ஒரு நொதி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு நல்ல எலியின் கல்லீரல் செல்லைச் செலுத்தி, அது பெருகி நிறைத்தபின் எடுத்து அடுத்த எலிக்கு, மறுபடி அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனார்கள். குறைந்தது 69 முறை இரட்டித்திருக்க வேண்டும் என்று 1997இல் கணக்குக் காட்டினார்கள். அதே செல்லைத் தட்டில் போட்டால் இரண்டொரு நாளில் தட்டையாகி, சைட்டோகுரோம் அளவு சரிந்து, தான் யார் என்பதையே மறந்துவிடுகிறது. இரண்டு கொலாஜன் அடுக்குக்கு நடுவே வைத்தால் சில நாள் கூடும். உருண்டைகளாகத் திரட்டினால் வாரக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் பெருகாது.

ஸ்டெம் செல் பற்றி அவள் ஆசையோடு கேட்டாள். கேட்கத்தான் செய்வார்கள், ஒவ்வொரு கருத்தரங்கிலும் அதுதானே பேச்சு. ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னோக்கித் திருப்பிக் காட்டியபின், அப்படித் திருப்பிய செல்லை ஆக்டிவின், பிஎம்பி4, ஹெச்ஜிஎஃப், ஆன்கோஸ்டேட்டின் என்று சமிக்ஞைப் புரதங்களை வரிசையாக ஊட்டி ஏறத்தாழ மூன்று வாரத்தில் கல்லீரல் சாயலுக்குக் கொண்டுவருகிறார்கள். சாயல் என்றே சொல்கிறேன். அந்தச் செல்கள் சிசுப் பருவத்தின் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தை விடாமல் சுரக்கின்றன, சைட்டோகுரோம் பலவீனம். வில்சன் நோய் போல ஒரே மரபணுக் கோளாறு உள்ள நோயாளியின் செல்லைத் தட்டில் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. மூலிகைச் சாற்றுக்கு இது வேண்டாம்.

ஆர்கனாய்டிலும், அதாவது தட்டில் முளைக்கும் குட்டி உறுப்பிலும், ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. 2015இல் மனிதக் கல்லீரல் துண்டிலிருந்து மாதக்கணக்கில் பெருகும் ஆர்கனாய்டுகளை ஹூக், கிளெவர்ஸ் குழு காட்டியபோது உலகமே துள்ளியது, நியாயமாகத்தான். ஆனால் அவை முளைத்தது பித்தக்குழாய்ச் செல்லிலிருந்து. உண்மைக் கல்லீரல் செல்லிலிருந்து முளைத்தவை 2018இல் வந்தன. அவற்றிலும் சிசுவின் செல்தான் நீண்ட காலம் பெருகுகிறது, பெரியவர்களுடையது சீக்கிரம் களைத்துவிடுகிறது. பித்தக்குழாய் ஆர்கனாய்டை வைத்துச் செய்த நல்ல வேலையும் உண்டு. கேம்பிரிட்ஜில் 2021இல் உடலுக்கு வெளியே இயந்திரத்தில் உயிரோடு வைத்த மனிதக் கல்லீரலுக்குள் அதைச் செலுத்திக் குழாய்களைச் சீர்செய்து காட்டினார்கள். பித்தக்குழாய் நோய் உன் கேள்வியாக இருந்தால் இந்தப் பத்தியை நீட்டியிருப்பேன்.

மிச்சம் இருப்பது எலி. எனக்கு இதில் விருப்பு வெறுப்பு இரண்டும் உண்டு, மறைக்கவில்லை.

1931இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் பெரிய எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுக்கும் முறையை எழுதிவைத்தார்கள். 90 ஆண்டு கழித்தும் கல்லீரல் வளர்ச்சி ஆய்வின் அடித்தளம் அதுதான். வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை. மிஞ்சிய மடல்கள் பெருத்து, ஏழு முதல் பத்து நாளில் பழைய எடையை எட்டிவிடுகின்றன. டிஎன்ஏ உருவாக்கம் பெரிய எலியில் ஒரு நாளில் உச்சம் தொடும், சுண்டெலியில் சுமார் ஒன்றரை நாளில். வளர்ச்சி என்ற சொல் உன் தலைப்பில் இருக்கும்வரை இந்தச் சோதனைக்கு மாற்று இல்லை. ரத்த ஓட்டம், குடலிலிருந்து வரும் சமிக்ஞை, கல்லீரலில் உள்ள நட்சத்திரச் செல், குப்ஃபர் செல் என்ற துணைச் செல்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் வேலையை ஒரு தட்டு செய்யாது.

இதிலும் குழி உண்டு. கல்லீரல் எப்படியும் வளர்ந்துவிடும் உறுப்பு. பத்தாம் நாள் எடை பார்த்தால் சாறு கொடுத்த எலியும் கொடுக்காத எலியும் ஒன்றாகத்தான் இருக்கும். 24, 36, 48, 72 மணி நேரங்களில் பிரியும் செல்லைக் காட்டும் கேஐ-67 சாயமிட்டு எண்ணினால்தான் வேகம் தெரியும். செல் பிரிவு உடலின் நாள் கடிகாரத்தோடு பின்னியது. ஆகவே ஒரு எலியைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் வெட்டாதே. சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, நடு மடலோடு சேர்த்து எடுக்க வேண்டும். பெரிய எலிக்குப் பித்தப்பையே கிடையாது. பாராசிட்டமாலுக்கோ பெரிய எலி ஒத்துவராது, எளிதில் அசையாது. சுண்டெலி மனிதருக்கு நெருக்கம். நம்மூர் ஆய்வேடுகளில் பெரிய எலிக்கே பாராசிட்டமால் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ, அந்தக் கூண்டுகள் கைவசம் இருந்ததால் இருக்கலாம்.

விலங்கைக் கண்ணை மூடி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1993 சாட்சி. ஃபியாலுரிடின் என்ற ஹெபடைடிஸ் பி மருந்து விலங்குகளில் பெரிய கெடுதல் காட்டவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், இருவர் மாற்று அறுவையால் பிழைத்தார்கள். மனித மைட்டோகாண்ட்ரியா அந்த மருந்தை உள்ளே இழுக்கும், எலியின் மைட்டோகாண்ட்ரியா இழுக்காது. பிற்பாடு மனிதக் கல்லீரல் செல் நிரப்பிய எலிகளில் சோதித்தபோது அந்த நஞ்சு வெளிப்பட்டது.

கீழாநெல்லிக்கே ஒரு பாடம் உண்டு, அதுவும் சென்னையிலிருந்து. 1988இல் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பிளம்பர்க்கும் மற்றவர்களும் லான்செட்டில் வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுமருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. பாட்டி மோரில் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியால் காமாலை இறங்கியது என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அதில் பெரும்பாலானவை ஹெபடைடிஸ் ஏ வகையாக இருந்திருக்கும், அது சும்மா இருந்தாலே சில வாரத்தில் இறங்கும். ஆனால் இந்தச் செடியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இவ்வளவு சரித்திரம் உள்ள செடிக்கு ஹெப் ஜி2வும் ஒரு எம்டிடி சோதனையும் போதாது என்கிறேன்.

எம்டிடி பற்றி ஒரு வார்த்தை. அந்த மஞ்சள் சாயம் ஊதாவாக மாறினால் செல் உயிரோடு இருக்கிறது என்று கொள்கிறோம். மூலிகைச் சாற்றின் பாலிஃபீனால்கள் செல் எதுவுமே இல்லாத கிணற்றிலும் அதை ஊதாவாக்கிவிடும். செல் போடாமல் சாறும் எம்டிடியும் மட்டும் போட்டு ஒரு வரிசை வைத்துப் பார், ஆச்சரியப்படுவாய். சாகும் செல்லிலிருந்து வெளியேறும் எல்டிஹெச் என்ற நொதியின் கசிவை அளப்பது இதைவிட மேல்.

அப்படியானால் எதை எடுக்க? அவளுக்கு நான் சொன்ன தேர்வு சுண்டெலியின் முதன்மைக் கல்லீரல் செல். கணக்கு எளிது. ஒரு சுண்டெலியின் கல்லீரலில் கை பழகியபின் 2 கோடி செல் கிடைக்கும். 96 கிணற்றுத் தட்டில் கிணற்றுக்கு 20,000 என்றால் ஒரு தட்டுக்கு 20 லட்சம் போதும். ஒரு எலிக்குப் பத்துத் தட்டு. அதே பத்துத் தட்டளவு சோதனையை உயிருள்ள எலியில் செய்ய எத்தனை கூண்டு வேண்டும் என்று யோசி. கால்சியம் இல்லாத கரைசலை ரத்தக் குழாய் வழியே 37 டிகிரியில் ஓடவிட்டு, பிறகு கால்சியத்தோடு கொலாஜினேஸ். கல்லீரல் பஞ்சுபோல் தளர்ந்ததும் பிரித்து, மெதுவான சுழற்சியில் படியவைப்பது. ரத்தக் குழாயில் செருகும் கானுலா என்ற நுண்குழல் நழுவி முதல் பத்து எலி வீணாகும். எனக்குப் பதினான்கு ஆயிற்று. செத்த செல்லை மட்டும் நிறமாக்கும் டிரிப்பான் நீலத்தில் 85 சதவீதத்துக்கு மேல் உயிர் இல்லாத நாளில் சோதனையைத் தொடராதே.

செல் ஒட்டிய மூன்று நான்கு மணி நேரத்திலேயே பாராசிட்டமாலைக் கொடு, சைட்டோகுரோம் சரிவதற்குள். சாற்றை முன்னால் கொடுத்த தட்டு ஒன்று, பின்னால் கொடுத்த தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். முன்னால் கொடுத்தால் காக்கிறது, பின்னால் கொடுத்தால் காக்கவில்லை என்றால், உன் சாறு சிப் 2இ1ஐ அடைக்கிறது என்றே பொருளாகலாம். மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடிவரும் நோயாளிக்கு அதனால் பயனில்லை. ஒப்பீட்டுக்கு சிலிமாரினோடு நிறுத்தாமல் அசிட்டைல் சிஸ்டீனையும் வை, மருத்துவமனையில் உண்மையில் ஏற்றுவது அதைத்தான்.

இதில் காக்கும் அளவு தெரிந்தபின், அந்த ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு வெட்டும் சோதனைக்குப் போகலாம். பணம் மிஞ்சினால் ஹெப்பாஆர்ஜியில் ஒரு முறை, எலிக்கு மட்டும் பொருந்தும் முடிவா என்று பார்க்க. பணம் மிஞ்சாவிட்டால் அந்தக் குறையை ஆய்வேட்டிலேயே எழுதிவிடு. ஹெப் ஜி2வையும் வாங்கிக்கொள், சாறு எந்த அளவில் நேரடி நஞ்சாகிறது என்று தோராயமாகப் பார்க்க அது போதும். வந்த அன்றே, செல் வரிசைகளில் ஒளிந்திருக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிருக்குச் சோதனை செய்.

கைடிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். ஹெப் ஜி2 வேண்டாம் என்று ஆரம்பிக்காதே, விலங்கு நெறிமுறைக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுப் போ என்றேன். அந்தக் கூட்டம் அடிக்கடி நடப்பதில்லை. இப்போது விண்ணப்பம் கொடுத்தால்தான் அனுமதி வரும்போது அவள் கை கானுலாவுக்குத் தயாராக இருக்கும்.